வேர்க்குழாய்க் கிருமிநீக்கம்

வேர்க்குழாய்க் கிருமிநீக்கம் என்பது, சொத்தை ஆழமாக இறங்கிப் பற்கூழ் அழுகிவிட்ட பல்லைப் பிடுங்காமல் காக்கும் பொருட்டு, அதன் வேருக்குள் ஓடும் மெல்லிய குழாய்களில் குடியேறிய பாக்டீரியாக்களைக் கருவியாலும் மருந்து நீராலும் அகற்றும் செயல்முறையாகும். இதை உள்ளடக்கிய முழுச் சிகிச்சையும் பேச்சுவழக்கில் 'ரூட் கெனால்' என்றும் 'நரம்பெடுப்பது' என்றும் வழங்கப்படுகிறது. பற்கூழ் என்பது பல்லின் நடுவறையில் நரம்பும் இரத்தக் குழாய்களும் பின்னிக் கிடக்கும் மென்திசு. அது செத்தபின் அவ்விடத்துக்கு இரத்த ஓட்டம் இல்லாமற் போவதால், மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரை கன்னத்து வீக்கத்தைச் சில நாள் அடக்குமே தவிர, குழாய்க்குள் இருக்கும் கிருமியை எட்டாது. 1965இல் காக்கெஹாஷி முதலியோர் எலிகளின் பற்கூழைத் திறந்துவிட்டு ஆராய்ந்தபோது, சாதாரண எலிகளில் அது அழுகிச் சீழ் பிடித்தது. கிருமியே இல்லாத சூழலில் வளர்க்கப்பட்ட எலிகளில் அழுகாமல் ஆறத் தொடங்கியது. நோய்க்குக் காரணம் பாக்டீரியாவே என்பதில் அதன்பின் ஐயம் எழவில்லை.

குழாயின் அமைப்பு

கிருமிநீக்க முறைகளுக்குள் ஏன் இத்தனை போட்டி என்பது குழாயின் வடிவத்தை அறிந்தால்தான் விளங்கும். ஒரு வேருக்கு ஒரு குழாய் என்னும் பாடநூல் படம் பெரும்பாலும் முன்பற்களுக்கே பொருந்தும். வெர்டூச்சி 1984இல் வெளியிட்ட வகைப்பாடு வேர்க்குழாய் அமைப்பை எட்டு வகைகளாகப் பிரிக்கிறது: நடுவறையிலிருந்து நுனிவரை ஒன்றாகவே செல்வது முதல் வகை, இரண்டாகக் கிளம்பி நுனிக்கு முன் ஒன்றாகச் சேர்வது இரண்டாம் வகை, ஒன்றாகக் கிளம்பிப் பிரிந்து மீண்டும் கூடுவது மூன்றாம் வகை, இரண்டும் கடைசிவரை சேராமல் தனித்தனியே இறங்குவது நான்காம் வகை, ஒன்றாகக் கிளம்பி நுனியருகே இரண்டாகப் பிளப்பது ஐந்தாம் வகை, ஆறும் ஏழும் இப்பிரிவும் கூடலும் மாறி மாறி வருபவை, மூன்று குழாய்கள் தனித்தனியே செல்வது எட்டாம் வகை. கீழ்க் கடைவாய்ப்பல்லின் முன்வேரில் உள்ள இரு குழாய்களுக்கிடையே காகிதத் தாள் போன்ற மெல்லிய இடுக்கு ஒன்று ஓடுவதுண்டு. மேல் முதற் கடைவாய்ப்பல்லில் நான்காவது குழாய் ஒன்று ஒளிந்திருப்பது அடிக்கடி காணப்படுவதால், அதைத் தேடாமல் விட்ட பல் பின்னாளில் மீண்டும் வலிப்பது வழக்கம். இவையன்றிக் குழாயைச் சூழ்ந்த டென்டின் என்னும் கடினப் பகுதி முழுவதும் ஏறத்தாழ 1 முதல் 2.5 மைக்ரான் அகலமுள்ள நுண்துளைகளால் ஆனது. பாக்டீரியா நுழைந்து தங்க அந்த அகலம் தாராளம். ஃபைல் எனப்படும் ஊசி போன்ற அரத்தால் எவ்வளவு இழைத்தாலும் குழாய்ச் சுவரில் 35 விழுக்காடோ அதற்கு மேலுமோ தொடப்படாமலே எஞ்சுவதை, 2001இல் பீட்டர்ஸ் குழுவினர் நுண் சி.டி. படங்களின்வழி காட்டினர். அரம் வழி திறக்கிறது. துப்புரவு நீரால்தான் நடக்கிறது.

கார்பாலிக் காலம்

அறுவைச் சிகிச்சைப் புண்களில் கார்பாலிக் அமிலத்தை, அதாவது ஃபீனாலை, பயன்படுத்திய அனுபவத்தை 1867இல் லிஸ்டர் வெளியிட்டபின் பல் மருத்துவர்களும் அதனை ஏற்றனர். 1891இல் வால்க்ஹாஃப் கற்பூரம் கலந்த மானோகுளோர்ஃபீனாலை அறிமுகப்படுத்தினார். 1904இல் பக்லி ஃபார்மலினையும் கிரெசாலையும் சேர்த்து ஃபார்மோகிரெசால் செய்தார். 1896இல் பம்பாயின் மாண்ட்விப் பகுதியில் பிளேக் தோன்றியபோது நகராட்சி வீடுகளிலும் சாக்கடைகளிலும் கொட்டிய கார்பாலிக் அமிலமும், அக்காலத்தில் உலகெங்கும் பல்லுக்குள் பஞ்சில் நனைத்து வைக்கப்பட்ட துளிமருந்தும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது கவனிக்கத்தக்கது. மணம் கடுமையாக இருந்தால் மருந்தும் கடுமையாக வேலை செய்யும் என்ற நம்பிக்கை இரண்டுக்கும் பொது. ஃபீனால் சேர்மங்கள் கிருமியைக் கொல்வதோடு வேர்நுனியைச் சுற்றியுள்ள உயிருள்ள திசுவையும் எரித்தன; செத்த திசுவைக் கரைக்கும் ஆற்றலோ அவற்றுக்கு இல்லை. 1910இல் மாண்ட்ரியாலில் வில்லியம் ஹண்டர் ஆற்றிய உரைக்குப்பின், வாயிலுள்ள சீழே உடல்நோய் பலவற்றுக்கு மூலம் என்ற கருத்துப் பரவி, காப்பாற்றத்தக்க பற்களும் ஏராளமாகப் பிடுங்கப்பட்டன.

ஹைப்போகுளோரைட்டு

முதல் உலகப்போரில் காயங்களைக் கழுவ டேக்கினும் காரெலும் கையாண்ட 0.5 விழுக்காட்டுச் சோடியம் ஹைப்போகுளோரைட்டு நீர், 1920இல் கிரேனால் வேர்க்குழாய்க்கும் பரிந்துரைக்கப்பட்டது. 1936இல் வாக்கர் அதைவிடச் செறிவான கரைசலையும், பின்னர் கிராஸ்மன் அதனுடன் ஹைடிரஜன் பெராக்சைடை மாற்றி மாற்றிச் செலுத்தும் முறையையும் கொணர்ந்தனர். சலவைத் துணியை வெளுக்கும் திரவமும் இதே சேர்மமே. கிருமியைக் கொல்வது, அழுகிய கூழைக் கரைப்பது ஆகிய இரண்டையும் ஒருங்கே செய்யும் திரவம் இதுவன்றி நடைமுறையில் வேறில்லை. சுவீடனின் ஊமியோவில் பிஸ்ட்ரோமும் சுண்ட்க்விஸ்ட்டும் 1983இல் வெளியிட்ட ஒப்பீட்டில், 0.5 விழுக்காட்டு ஹைப்போகுளோரைட்டால் கழுவிய 15 குழாய்களில் 12இலும், வெறும் உப்புநீரால் கழுவிய 15இல் 8இலும் ஐந்தாம் அமர்வில் பாக்டீரியா கிட்டவில்லை.

கழுவும்போது பல்லைச் சுற்றி ரப்பர் டேம் என்னும் ரப்பர் விரிப்பு மாட்டப்படுகிறது. பக்கவாட்டில் துளையுள்ள மெல்லிய ஊசி, குழாய் நுனிக்கு ஓரிரு மில்லிமீட்டர் முன்பே நிறுத்தப்பட்டு மெதுவாக மேலும் கீழும் அசைக்கப்படுகிறது. ஊசி இறுகிக்கொண்ட நிலையில் வேகமாக அழுத்தினால் திரவம் வேர்நுனியைத் தாண்டி, அக்கணமே கடும் எரிச்சலும் கன்ன வீக்கமும் தோன்றும். வெப்பத்திலும் வெளிச்சத்திலும் குளோரின் வீரியம் குறைவதால், மும்பையின் மே மாதத்தில் சன்னலோரம் வைத்த கண்ணாடிக் குப்பியை நம்ப இயலாது. செறிவு கூடினால் பயனும் கூடும் என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், ரோத்தக்கில் நடந்து 2019இல் வெளியான ஆய்வில் 1 விழுக்காட்டுக் கரைசலுக்கும் 5 விழுக்காட்டுக் கரைசலுக்கும் குணமாவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

சுண்ணாம்பு

ஹெர்மன் 1920இல் புகுத்திய கால்சியம் ஹைடிராக்சைடு, அமர்வுகளுக்கிடையே குழாய்க்குள் வைத்து மூடப்படும் மருந்து. இது நீற்றிய சுண்ணாம்பே. வெற்றிலைக்குத் தடவுவதும் அதுவே. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த தமிழர் மும்பையின் தாராவியில் தோல் பதனிட்டபோது, மயிர் கழன்றுவர ஊறவைத்த சுண்ணாம்புத் தொட்டிகளில் நிகழ்ந்த வேதிவினையும் இதன் உறவு: ஏறத்தாழ 12.5 பி.எச். (pH) என்னும் கடும் காரத்தன்மை புரதத்தைச் சிதைக்கிறது. ஆனால் டென்டின் அக்காரத்தைத் தணித்துவிடுவதாலும், எண்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்னும் பாக்டீரியா அதைத் தாங்கி உயிர்தரிப்பதாலும், ஒருமுறை சிகிச்சை தோற்ற பற்களில் சுண்ணாம்பை மட்டும் நம்புவது போதாது.

துணைமருந்துகள்

1957இல் நைகார்ட்-ஓஸ்ட்பி அறிமுகப்படுத்திய ஈ.டி.டி.ஏ., அரம் இழைத்த துகள் படலத்தின் கால்சியத்தைப் பிணைத்து அகற்றி நுண்துளைகளின் வாயைத் திறக்கிறது. தானாகக் கிருமியைப் பெரிதும் கொல்வதில்லை. 2 விழுக்காட்டுக் குளோரெக்சிடின் சுவரில் ஒட்டி நெடுநேரம் வேலை செய்யும். எனினும் திசுவைக் கரைக்காது. ஹைப்போகுளோரைட்டு எஞ்சியிருக்கும் குழாயில் அதைச் செலுத்தினால் செம்பழுப்பு வீழ்படிவு உண்டாகித் துளைகளை அடைக்கும். திரிபலா, பச்சைத் தேயிலை ஆகியவற்றின் சாறுகளை ஒப்பிட்டு 2010இல் வெளியான ஆய்வகச் சோதனையிலும் முதலிடம் ஹைப்போகுளோரைட்டுக்கே. 

அமர்வுகளின் எண்ணிக்கை

1997இல் ஷோகிரன் குழுவினர், குழாயை நிரப்பி மூடும் வேளையில் பாக்டீரியா கிட்டாத பற்களில் 94 விழுக்காடும், கிட்டியவற்றில் 68 விழுக்காடும் குணமானதைப் பதிவு செய்தனர். சுண்ணாம்பு வைத்து ஒரு வாரம் காத்திருப்பதற்கு இதுவே ஆதாரமாகக் காட்டப்பட்டது. பின்வந்த காக்ரேன் தொகுப்பாய்வுகளில் ஒரே அமர்வில் முடிப்பதற்கும் பல அமர்வுகளுக்கும் குணமாவதில் தெளிவான வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் நோயாளியின் அலைச்சலில் வேறுபாடு உண்டு. மும்பையில் 1933 முதல் இயங்கும் நாயர் பல் மருத்துவக் கல்லூரி மும்பை சென்ட்ரலிலும், அரசு பல் மருத்துவக் கல்லூரி சி.எஸ்.எம்.டி. நிலையத்தருகிலும் உள்ளன. தாராவியிலிருந்து மாஹிம் நிலையம் நடந்து மேற்குப் பாதையிலோ, செம்பூரிலிருந்து துறைமுகப் பாதையிலோ வரும் தினக்கூலியாளருக்கு ஒவ்வோர் அமர்வும் ஒரு நாள் கூலி; வலி நின்றதும் திரும்பி வராதவரின் பல்லில் தற்காலிக அடைப்புத் தேய்ந்து கிருமி மீண்டும் இறங்கும். ஆகவே சீழ் வடிவது நின்று குழாய் உலர்ந்திருந்தால் அன்றே நிரப்பி முடிப்பது பொருத்தமானது.

இக்கால முறைகள்

ஹைப்போகுளோரைட்டைக் குழாய்க்குள் மீயொலியால் அதிரச் செய்தல், எதிர்மறை அழுத்தத்தால் உறிஞ்சி இழுத்தல், எர்பியம் லேசர், ஒளியால் தூண்டப்படும் சாயம், ஓசோன் ஆகியவையும் இன்று வழக்கில் உள்ளன.