கொடிநாளும் முன்னாள் படைவீரர் நலப்பணியும்

முதல் உலகப் போரில் பணிபுரிந்து ஊர் திரும்பிய வீரர்களின் நலனைக் கவனிக்க, 1919இல் இந்திய சிப்பாய்கள் வாரியம் அமைந்தது. அதுவே 1975இல் கேந்திரிய சைனிக் போர்டு எனப் பெயர் பெற்றது. மாநில, மாவட்ட அளவிலும் இதற்குக் கிளை அமைப்புகள் தோன்றின.

பொதுமக்களின் பங்கை ஒருமுகப்படுத்தியது கொடிநாள். 1949 ஆகஸ்டு 28 அன்று பாதுகாப்பு அமைச்சரின் குழு ஒன்று, ஆண்டுதோறும் டிசம்பர் 7இல் இதைக் கடைப்பிடிக்க முடிவு செய்தது. முப்படைகளையும் குறிக்கும் சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் கொண்ட சிறு கொடிகளைத் தந்து நன்கொடை திரட்டப்படுகிறது. போரில் உயிர்நீத்தோரின் குடும்பங்கள், ஊனமுற்ற வீரர்கள், ஓய்வுபெற்றோர் ஆகியோரின் நலனுக்கு இத்தொகை செலவாகிறது. தனித்தனியாக இருந்த நல நிதிகள் 1993இல் கொடிநாள் நிதியுடன் இணைக்கப்பட்டன.

இந்த நலப்பணியில் பங்கேற்க வயது வரம்பில்லை. பள்ளி மாணவரும் தேசிய மாணவர் படையினரும் கொடி வழங்கி நிதி திரட்டலாம். நாட்டுக்காக உழைத்தோரை அதன்வழி அறிகின்றனர். முன்னாள் வீரர்களின் ஓய்வூதிய விண்ணப்பங்களை நிரப்ப, படித்த இளைஞர் உதவலாம். அலுவலக நடைமுறை அறிந்த மூத்த முன்னாள் வீரர்கள் வழிகாட்டலாம். மாவட்டத் தலைநகரிலிருந்து தொலைவிலுள்ள மலையூர்களில், ஊரிலேயே கிடைக்கும் இத்தகைய துணை பயணச் செலவையும் அலைச்சலையும் குறைக்கிறது. உதவுவோருக்கும், குறிப்பாக முதியோருக்கு, தனிமை குறைந்து ஊருடன் உறவு வலுப்படுகிறது.