மிசிசிப்பியின் விடுதலைப் பள்ளிகள்

மாலை வகுப்பில் பிள்ளைகளிடம் தீண்டாமை பற்றிப் பேசும்போதெல்லாம் சில தலைகள் குனிந்துவிடும். கொடுமைகளை வரிசையாகச் சொல்லி முடித்த பிறகு, அந்தத் தலைகளை நிமிர்த்த என்னிடம் ஒன்றும் இருக்காது. 1964-இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர்களைப் பற்றிப் படித்தபோதுதான் என் தவறு பிடிபட்டது.

அன்று அங்கே வெள்ளையினப் பிள்ளைக்கு ஆகும் செலவில் ஏறக்குறைய கால் பங்குதான் கறுப்பினப் பிள்ளையின் படிப்புக்கு. பருத்திப் பகுதிகளில், பறிப்புக் காலம் வந்தால் கறுப்பினப் பள்ளிகளை மூடிவிடுவார்கள். காட்டுக்கு ஆள் வேண்டுமே! 1963 இறுதியில் சார்லஸ் காப் என்ற இளம் இயக்க ஊழியர், கோடையில் விடுதலைப் பள்ளிகள் நடத்தலாம் என்று முன்மொழிந்தார். அடுத்த கோடையில் 40-க்கும் மேற்பட்ட பள்ளிகள், 2000-க்கும் அதிகமான மாணவர்கள். தேவாலயம், வீட்டு முற்றம், மரத்தடி என்று கிடைத்த இடமெல்லாம் வகுப்பு.

கொடுத்த விலை பெரிது. பள்ளிக்கு இடம் தருவதாக இருந்த மவுண்ட் சயான் தேவாலயத்தை ஜூன் 16 இரவில் எரித்தார்கள். அதைப் பார்க்கப் போன ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மன், மைக்கேல் ஷ்வெர்னர் மூவரையும் ஜூன் 21-இல் கொன்றார்கள். மெக்கோம் நகரில் இயக்கத்தினர் தங்கிய வீட்டில் குண்டு வெடித்தது. தேவாலயங்கள் இடம் தர அஞ்சின. பிள்ளைகள் அந்த வீட்டுப் புல்தரையிலேயே உட்கார்ந்து படித்தார்கள். 16 வயது மாணவி ஒருத்தி, கதவைச் சாத்திக்கொண்ட சொந்த ஊர்ப் பெரியவர்களை நோக்கி ஒரு கவிதை எழுதினாள். அதன் பிறகு ஒரு தேவாலயம் கதவைத் திறந்தது. இளைஞர்களுக்கு நாம்தான் சொல்லித்தர வேண்டும் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அந்தப் பள்ளிகளின் பாடத்திட்டம் கேள்விகளால் ஆனது. வெள்ளையரிடம் இருப்பதில் நமக்கு எது வேண்டும், எது வேண்டாம், நம்மிடம் இருப்பதில் எதை விடக்கூடாது என்று பிள்ளைகளிடமே கேட்டார்கள். நான் முதல் கேள்வியோடு நின்றிருக்கிறேன். அவர்களுக்குக் கிணறு உண்டு, நமக்கு இல்லை. அவர்களுக்குக் கோயில் உண்டு, நமக்கு இல்லை. இப்படியே சொன்னால் தலை குனியாமல் என்ன செய்யும்?

போன வாரம் மற்ற இரண்டையும் கேட்டேன். "ஆளைப் பார்த்து டம்ளரை மாத்துற பழக்கம் நமக்கு வேணாம்க்கா" என்றாள் ஒரு சிறுமி. விடக்கூடாதது எது என்றதும், தாத்தாவின் பறை என்றான் ஒருவன். சாவுக்கு அடிப்பதை விட்டால்தான் மரியாதை என்றான் அடுத்திருந்தவன். மேடையில் அடித்தால்? கல்யாணத்தில் அடித்தால்? மணி எட்டாகியும் சண்டை ஓயவில்லை.