11-ஆம் எண் கூண்டு

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டதாகச் செய்தி வருவது வழக்கம். பொதுவாக எண் ஏற ஏற அபாயமும் ஏறும். 10 என்றால் பெரும் அபாயம். அதற்கும் மேலே 11 என்று ஒன்று உண்டு. புயல் இன்னும் கடுமையாகிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. புயல் எச்சரிக்கை மையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது, வானிலை மோசமாகக்கூடும் என்று துறைமுக அதிகாரி கருதுகிறார் என்பதே அதன் பொருள். தகவல் நின்றுபோனதையே ஒரு தகவலாக ஊரறியச் சொல்லும் இந்த விதி, செயற்கைக்கோள் படங்களை சர்வருக்கு சர்வர் கடத்தும் இக்காலத்திலும் நமக்குத் தேவை.

இப்படியொரு விதி ஏன் வேண்டியிருந்தது என்பதை இந்தக் கரையின் வரலாறே சொல்லும். சென்னையில் துறைமுகம் கட்டப்படும் முன்பு கப்பல்கள் திறந்த கடலில்தான் நங்கூரமிட்டன. புயல் வந்தால் நங்கூரத்தை விட்டு ஆழ்கடலுக்கு விலகுவதே தற்காப்பு. அதற்குச் சில மணி நேர அவகாசம் வேண்டும். 1864-இல் கல்கத்தாவையும் மசூலிப்பட்டினத்தையும் அடுத்தடுத்துப் புயல்கள் தாக்கின. மறு ஆண்டே கல்கத்தா துறைமுகத்தில் எச்சரிக்கை ஏற்பாடு தொடங்கியது. 1875-இல் இந்திய வானிலைத் துறை பிறந்தது. 1881 நவம்பர் புயல், கட்டப்பட்டுவந்த சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களை உடைத்தது. எச்சரிக்கையைச் சுமந்துவந்தது தந்திக் கம்பி. அந்தக் கம்பியைச் சாய்ப்பதும் புயல்தான். செய்தி மிக அவசரமாகத் தேவைப்படும் வேளையும் வழி அறுந்துபோகும் வேளையும் ஒன்றாகவே வந்தன. 1980களில் இன்சாட் செயற்கைக்கோள் வழியே கடலோர ஊர்களின் கருவிகளுக்கு சைரனும் உள்ளூர் மொழிக் குரலும் நேரே அனுப்பப்பட்டதற்கு இதுவே காரணம்.

செயற்கைக்கோள் வந்தபின் கம்பி அறுந்தால் என்ன என்று கேட்கலாம். வானத்தில் அறுபடாதது தரையில் அறுபடுகிறது. இன்சாட் படம் ஆன்டெனாவில் இறங்கி, செயலாக்கப்பட்டு, கோப்பாகி, பல சர்வர்களைத் தாண்டித்தான் திரைக்கு வருகிறது. வட்டில் இடம் தீர்ந்தாலும், இணைப்பு விழுந்தாலும், கோப்பு பாதியில் நின்றாலும் ஓட்டம் நின்றுவிடும். பழுதைத் தேடுபவர் கடைசியாக முழுக்கோப்பு எந்தக் கணினி வரை வந்தது என்று பார்த்து, அதற்கு அடுத்த கண்ணியைச் சோதிக்க வேண்டும். ஆனால் பழுதைவிடக் கொடியது, பழுது வெளியே தெரியாமல் இருப்பது. தந்தி நின்றால் மேசை வெறுமையாக இருக்கும். சர்வர் நின்றால் பழைய மேகப்படம் திரையில் அப்படியே இருக்கும். அதன் ஓரத்தில் 06:00 என்றிருப்பது உலகப் பொது நேரம், நமக்குக் காலை 11:30. ஐந்தரை மணியைக் கூட்டிப் பார்க்காதவருக்குப் படம் எவ்வளவு பழையது என்பது பிடிபடாது.

ஒவ்வொரு தடங்கலையும் அறிவித்தால் மக்கள் எச்சரிக்கையையே மதிக்கமாட்டார்கள், காசிமேட்டு விசைப்படகுகள் வீணாகக் கரையில் கிடக்கும் என்பது நியாயமான மறுப்பு. 11-ஆம் எண்ணிலேயே அதற்கு விடை இருக்கிறது. தொடர்பு அறுந்தது மட்டும் போதாது; மோசமான வானிலைக்கு வாய்ப்புண்டு என்று கரையில் நிற்கும் அதிகாரியின் அனுபவமும் சொல்ல வேண்டும். அப்படியே, தெளிந்த வானத்தில் ஒரு படம் தவறினால் பொறியாளருக்கு மட்டும் தகவல் போகட்டும். வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் இருக்கையில் தவறினால் கடலுக்குப் போகிறவருக்கும் சொல்லட்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையருகே கரையேறியபோது மின்சாரமும் கைபேசியும் முடங்கியதைப் பார்த்தோம். தொடர்பு இன்றும் அறுபடும். ஆகவே வானிலை காட்டும் ஒவ்வொரு திரையிலும் கடைசிப் படம் வந்த நேரம் இந்திய நேரத்தில் பெரிதாக இருக்க வேண்டும். குறித்த நேரம் தாண்டினால் அந்தப் படத்தின் மேலேயே ‘தொடர்பு இல்லை’ என்ற எழுத்து விழ வேண்டும்.