டெக்சூப்

டெக்சூப்: இலாப நோக்கற்ற அமைப்புகளுக்குத் தொழில்நுட்ப வளங்களும் பயிற்சியும் வழங்கும் அமெரிக்கத் தொண்டு நிறுவனம், தலைமையகம் சான் பிரான்சிஸ்கோ. 1987-இல் டேனியல் பென்-ஹோரின் இதைக் ‘காம்ப்யூமென்டர்’ என்ற பெயரில் தொடங்கினார். ‘தி வெல்’ என்னும் தொடக்ககால இணையக் குழுமத்தில் கணினி அறிந்தோர் ஒருவருக்கொருவர் உதவியதைக் கண்டு, அத்தகையோரைத் தொண்டு அமைப்புகளுக்குத் தன்னார்வ வழிகாட்டிகளாக அனுப்பும் திட்டத்தை அவர் உருவாக்கினார். 2000-இல் டெக்சூப் இணையத்தளம் தொடங்கப்பட்டது; பின்னர் அதுவே நிறுவனத்தின் பெயராயிற்று.

செயல்முறை: விண்ணப்பிக்கும் அமைப்பின் பதிவும் அறப்பணித் தகுதியும் முதலில் சரிபார்க்கப்படும். தகுதி பெற்றவை மைக்ரோசாப்ட், அடோபி போன்ற நிறுவனங்களின் மென்பொருள்களை நன்கொடையாகவோ சலுகை விலையிலோ பெறலாம். நன்கொடைப் பொருள்களுக்குச் சிறு நிர்வாகக் கட்டணம் உண்டு. டெக்சூப்பின் வருவாயில் இக்கட்டணத்திற்கு முக்கிய பங்குண்டு. எந்த அமைப்பு எதைப் பெறலாம் என்பதை நன்கொடை தரும் நிறுவனமே வரையறுக்கும்.

பயிற்சி: இணையவழிக் கருத்தரங்குகள், வழிகாட்டிக் கட்டுரைகள், பாடத்தொகுப்புகள் வழியே தரவுப் பாதுகாப்பு, நிதி திரட்டல், அலுவலக மென்பொருள் ஆகியவை கற்பிக்கப்படுகின்றன. இவற்றுள் பல இலவசம். பொது நூலகங்களும் பயன்பெறுகின்றன.

பிற நாடுகளில் உள்ளூர்க் கூட்டாளி அமைப்புகள் வழியாக டெக்சூப் இயங்குகிறது. இந்தியாவில் நாஸ்காம் அறக்கட்டளை ‘பிக்டெக்’ திட்டத்தின் மூலம் இப்பணியை மேற்கொண்டது.