இருட்டில் ஓடுபவர்களுக்கு நெற்றி விளக்கு: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

தீபகற்ப மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 1982 ஜனவரி 1ஆம் தேதி கடிகாரம் அரை மணி நேரம் முன்னால் நகர்த்தப்பட்டது. சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு தீபகற்பத்தின் நேரத்தை ஒன்றாக்க எடுத்த முடிவு அது. அதன் விளைவை அதிகாலையில் ஓடுபவர்கள் இன்றும் பார்க்கிறார்கள். கோலாலம்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய 7 மணிக்கும் 7.30 மணிக்கும் இடையில்தான் உதிக்கிறது. 8 மணி வேலைக்குப் போகிறவர் அதற்குமுன் ஓடி முடிக்க வேண்டுமானால் இருட்டில்தான் ஓட வேண்டும்.

பட்டணத்தில் சாலை விளக்கு உண்டு. தாமானைத் தாண்டி செம்பனைத் தோட்டத்துச் சாலையில் கால் வைத்தால் அதுவும் இல்லை. அங்கே நெற்றி விளக்கு இல்லாமல் ஓடுவது ஆபத்து. பொருந்தாத விளக்கோடு ஓடுவதும் ஏறக்குறைய அதே ஆபத்துதான்.

தோட்ட மக்களுக்கு நெற்றி விளக்கு புதிதல்ல. வெயில் ஏறும் முன் ரப்பர் மரத்தில் பால் நன்றாக வடியும் என்பதால் இருட்டிலேயே மரம் வெட்டப் போனவர்களில் பலர் கார்பைட் விளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டார்கள். கார்பைட் கல்லின்மேல் தண்ணீர் சொட்ட, அசெட்டிலின் வாயு வெளியாகி எரியும் விளக்கு அது. மரத்தின் முன் நின்று வேலை செய்பவருக்குக் கை எட்டும் தூரத்து வெளிச்சம் போதும். ஓடுபவரின் தேவை வேறு. ஒரு கிலோமீட்டரை 6 நிமிடத்தில் ஓடுபவர் நொடிக்கு 2.8 மீட்டர் கடக்கிறார். 10 மீட்டருக்கு முன்னால் கிடக்கும் கல்லை மிதிக்க அவருக்கு 4 நொடிகூட ஆகாது.

பெட்டியில் உள்ள எண்கள்

விளக்கு வெளியிடும் மொத்த ஒளியின் அளவே லூமென். நல்ல நிறுவனங்கள் எஃப்.எல்.1 என்ற அமெரிக்கத் தர நிர்ணயத்தின்படி அளந்து இதைப் பெட்டியில் அச்சிடுகின்றன. அந்த அளவீட்டு முறை தெரிந்தால் பெட்டியைச் சரியாகப் படிக்கலாம்.

லூமென் அளவு, விளக்கைப் போட்ட 30 நொடியிலிருந்து 2 நிமிடத்துக்குள் எடுக்கப்படுகிறது. அதன்பின் வெளிச்சம் குறைந்தாலும் பெட்டியில் உள்ள எண் மாறாது. எரியும் நேரம் என்பது வெளிச்சம் தொடக்க அளவில் 10 விழுக்காட்டுக்கு இறங்கும் வரையான நேரம். 300 லூமென் விளக்கு கடைசியில் 30 லூமெனில் மினுக்கிக்கொண்டிருக்கும் நேரமும் அந்தக் கணக்கில் சேரும். ஒளி எட்டும் தூரம் என்பது 0.25 லக்ஸ் வெளிச்சம் விழும் தூரம். அது திறந்தவெளியில் முழுநிலவு தரும் வெளிச்சத்தின் அளவு. 100 மீட்டர் என்று போட்டிருந்தால், அந்தத் தூரத்தில் பள்ளம் மேடு பிரித்துத் தெரியும் என்று பொருள் அல்ல.

பெட்டியின் முகப்பில் 400 லூமென், 40 மணி நேரம் என்று பெரிய எழுத்தில் இருந்தால், இரண்டும் ஒரே நிலைக்கு உரியவையா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் 400 லூமென் உச்ச நிலைக்கும், 40 மணி நேரம் மிகக் குறைந்த நிலைக்கும் உரியது. ஓடும்போது பயன்படுத்தும் நடு நிலையில் எத்தனை மணி நேரம் எரியும் என்பதே தேவையான தகவல்.

எந்தப் பாதைக்கு எவ்வளவு?

சாலை விளக்கு உள்ள தாமான் தெருவுக்கு 50 முதல் 100 லூமென் போதும். விளக்கில்லாத தார் சாலைக்கு 150 முதல் 200 வரை தேவைப்படும். குண்டும் குழியுமான செம்மண் சாலை, வேர் ஓடிய காட்டுப் பாதை ஆகியவற்றுக்கு 250 முதல் 300 வரை வேண்டும். இந்த அளவில் இரண்டு மணி நேரம் நின்று எரியும் விளக்கு, உச்சத்தில் 1,000 லூமென் காட்டிச் சில நிமிடங்களில் மங்கும் விளக்கைவிட ஓடுபவருக்குப் பயன்படும்.

ஒளி விழும் விதமும் முக்கியம். குறுகிய ஒளி தூரத்தைக் காட்டும், காலடியைக் காட்டாது. விரிந்த ஒளி காலடியையும் இரு ஓரங்களையும் காட்டும். ஓடுபவருக்கு இரண்டும் கலந்த ஒளி நல்லது. விளக்கின் தலையைக் கீழே சாய்க்க முடிய வேண்டும். ஓட்டத்தின் குலுக்கலில் அது தானாகச் சரியவும் கூடாது.

நெற்றி விளக்குக்கு ஒரு குறை உண்டு. ஒளி கண்ணுக்கு அருகிலிருந்தே புறப்படுவதால் கல்லின் நிழல் கல்லுக்குப் பின்னால் மறைந்துவிடும். பள்ளமும் மேடும் தட்டையாகத் தெரியும். அதிகாலை மூடுபனியிலும் புகைமூட்டத்திலும் ஒளி திரும்பிக் கண்ணிலேயே அடித்து, முன்னால் வெள்ளைத் திரை போட்டதுபோல் ஆகிவிடும். அப்போது வெளிச்சத்தைக் கூட்டினால் நிலைமை மோசமாகும். அதைக் குறைத்து, கையில் ஒரு சிறு டார்ச் லைட்டைத் தாழ்வாகப் பிடித்தால் பாதை தெரியும். இடுப்பில் கட்டும் விளக்கும் இதே பயனைத் தரும்.

நாய், மாடு, முசாங் போன்றவற்றின் கண்கள் நெற்றி விளக்கின் ஒளியில் தூரத்திலேயே மின்னும். பாம்பின் கண் அப்படி மின்னாது. அதனால் புல் மூடிய ஓரத்தை விட்டு, தரை தெரியும் இடத்தில் ஓடுவதே பாதுகாப்பு.

பேட்டரியும் மழையும்

யூ.எஸ்.பி. வழி மின்னேற்றும் விளக்கு அன்றாட ஓட்டத்துக்குச் சிக்கனம். கடைகளில் கிடைக்கும் ஏ.ஏ.ஏ. பேட்டரியையும் ஏற்கும் விளக்கு, மின்னேற்ற மறந்த நாளில் கைகொடுக்கும். 18650 வகை லித்தியம் பேட்டரியைத் தனியே வாங்குபவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தரமான தயாரிப்புகளே 3,500 மில்லியம்பியர் மணி அளவில்தான் இருக்கின்றன. அதே அளவு பேட்டரியில் 9,900 என்று அச்சிட்டிருந்தால் அது பொய்க் கணக்கு. மின்னேற்றும் அடாப்டரில் மலேசியாவில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

நீர்த்தடுப்பைக் குறிக்க ஐ.பி. எண் உண்டு. ஐ.பி.எக்ஸ்.4 எத்திசையிலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும். வியர்வைக்கும் தூறலுக்கும் அது போதும். ஐ.பி.எக்ஸ்.7 ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும். கொட்டும் மழையிலும் ஓடுபவர்கள் இதைத் தேடலாம். பட்டை கழற்றித் துவைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். நம் ஊர் வெக்கையில் சில வாரங்களிலேயே அது வியர்வையில் நாறிவிடும்.

பின்னால் வருபவருக்குத் தெரிகிறதா?

நெற்றி விளக்கு முன்னால் மட்டுமே ஒளி தரும். பின்னால் வரும் லோரி ஓட்டுநருக்கு, கறுப்புச் சட்டை அணிந்து ஓடுபவர் இருட்டோடு இருட்டுதான். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் நொடிக்கு 17 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் சுதாரித்து, பிரேக் மிதித்து, வண்டி நிற்பதற்குள் 40 மீட்டர் போய்விடும். ஈரச் சாலையில் இன்னும் அதிகம். பேட்டரிப் பெட்டி பின்தலையில் இருந்து, அதில் சிவப்பு விளக்கும் உள்ள வகையைத் தேர்ந்தெடுக்கலாம். இல்லாவிட்டால் சைக்கிளுக்கு விற்கும் சிறிய சிவப்பு விளக்கை இடுப்பில் மாட்டிக்கொள்ளலாம். ஒளி எதிரொலிக்கும் மேலங்கியும் தேவை. நடைபாதை இல்லாத சாலையில் வலது ஓரமாக, எதிர்வரும் வாகனங்களைப் பார்த்தபடி ஓட வேண்டும். வாகனம் நெருங்கும்போது விளக்கைத் தாழ்த்துவது அவசியம். கண் கூசிய ஓட்டுநருக்குப் பாதையும் தெரியாது, ஆளும் தெரியாது.

கடையில் செய்யும் சோதனை

விளக்கை வாங்கும் முன் தலையில் மாட்டி, நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் குதித்துப் பார்க்க வேண்டும். ஒளி ஆடினாலோ, பட்டை நெற்றியை அழுத்தினாலோ அது ஓட்டத்துக்கு ஆகாது. 100 கிராமுக்குக் குறைவான விளக்கு பெரும்பாலோருக்குப் பொருந்தும். அதைவிடக் கனமானது என்றால், உச்சந்தலை வழியாகப் போகும் மேல்பட்டையும் பின்பக்கப் பேட்டரியும் இருக்க வேண்டும். ஈரக் கையால் பொத்தானைத் தடவி அழுத்த முடிகிறதா என்றும் பார்க்கலாம்.

வாங்கிய பின் முதல் ஓட்டம் தெரிந்த பாதையில் இருக்கட்டும். முழுதாக மின்னேற்றி, வழக்கமாகப் பயன்படுத்தும் நிலையில் வீட்டிலேயே எரியவிட்டு, எப்போது மங்குகிறது என்று மணி பார்த்துக் குறித்துக்கொண்டால், வழியில் விளக்கு அணைந்து இருட்டில் தவிக்கும் நிலை வராது.