முனையத்துக்கு வயதாகிவிட்டதா?

விமான நிலைய முனையத்தைச் சீரமைப்பதா, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா என்ற விவாதம் பெரும்பாலும் கட்டடத்தின் வயதைச் சொல்லித்தான் தொடங்குகிறது. வயதை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது என்பது இக்கட்டுரையின் வாதம். சிங்கப்பூரின் சாங்கியையே பார்க்கலாம். 2006இல் திறந்த பட்ஜெட் முனையம் 2012இல் மூடப்பட்டு இடிபட்டது. 1990இல் திறந்த இரண்டாம் முனையம் இன்றும் நிற்கிறது.

பட்ஜெட் முனையத்தில் பழுது ஏதுமில்லை. ஒரே தளம், ஏரோபிரிட்ஜ் கிடையாது, ஆண்டுக்கு 70 லட்சம் பயணிகளே உச்சவரம்பு. அந்த மனை அதைவிட அதிகம் தாங்கும். 2017இல் அங்கே இயங்கத் தொடங்கிய நான்காம் முனையத்தின் கொள்ளளவு 1.6 கோடி. அதாவது இடிக்கச் சொன்னது நிலத்தின் கணக்கு.

முனையம் என்பது வெவ்வேறு ஆயுள் கொண்ட பொருள்களின் தொகுப்பு. தூணும் தளமும் அரை நூற்றாண்டு தாங்கும். பெட்டி கடத்தும் பெல்ட்டுக்கும் குளிரூட்டும் இயந்திரங்களுக்கும் அந்த ஆயுள் இல்லை. இரண்டாம் முனையத்தில் டகடகவென்று எழுத்துத் தகடுகள் புரளும் அறிவிப்புப் பலகை ஒன்று இருந்தது. நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நின்றுவிடுவோர் உண்டு. உதிரி பாகம் கிடைப்பது அரிதாகி, 2020இல் அதைக் கழற்றினார்கள். அதற்காகக் கட்டடத்தை யாரும் குறை சொல்லவில்லை. புதிய கருவிகளுக்குத் தூண்களின் இடைவெளியும் தளத்தின் உயரமும் இடம் கொடுக்கும்வரை சீரமைப்பு பொருந்தும். அவை தடுத்தால் எவ்வளவு பூசினாலும் பயனில்லை.

ஆனால் செலவுப் பட்டியல்களில் நான் முதலில் தேடுவது வேறொன்று: வேலை நடக்கும்போது பயணிகள் எங்கே போவார்கள்? இரண்டாம் முனையத்துக்கு இதில் யாரும் விரும்பாத ஒரு வாய்ப்பு கிடைத்தது. பெருந்தொற்றால் பயணிகள் இல்லாமல் போக, 2020 மே மாதம் அதன் இயக்கத்தை நிறுத்தி, வேலையை விரைவுபடுத்தினார்கள். 2023 நவம்பரில் பணி முடிந்தபோது கொள்ளளவு 2.8 கோடி. இந்த வேகத்தை மற்ற நகரங்களுக்கு முன்மாதிரியாகக் காட்டுவது நியாயமில்லை.

நியூயார்க் லகார்டியாவுக்கு அந்த அவகாசம் இல்லை. ஒருபுறம் நெடுஞ்சாலை, மறுபுறம் கடல்நீர். 1964இல் திறந்த மைய முனையமோ தாங்க வேண்டியதைவிட அதிகக் கூட்டத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. மூட வழியில்லாததால், அதன் முன்னிருந்த கார் நிறுத்தக் கட்டடத்தை இடித்து, சாலையோரமாகப் புதிய முகப்பைக் கட்டினார்கள். முகப்பிலிருந்து விமானங்கள் நிற்கும் பகுதிக்கு, இயங்கிக்கொண்டிருந்த பழைய கட்டடத்தின் தலைக்கு மேலேயே உயரமான பாலங்களைக் கொண்டுசென்றார்கள். முகப்பு 2020இல் திறந்தது, பழையது படிப்படியாகத் தரைமட்டமானது. இன்று அந்தப் பாலத்தில் பெட்டியை உருட்டிக்கொண்டு போகிறவரின் காலடியில், முன்பு அந்த முனையம் நின்ற நிலத்தின் மீது, விமானங்கள் ஊர்ந்து கடக்கின்றன.