குறைமாதக் குழந்தையின் மூளைக் குருதியோட்டமும் அம்பாறைக் கரையோரத்தின் நெடுஞ்சாலையும்

குறைமாதக் குழந்தையின் மூளைக்குச் செல்லும் இரத்தத்தை எந்தக் கருவியால் கண்காணிக்கலாம் என்ற விவாதம் மருத்துவ ஏடுகளில் ஓயாமல் நடக்கிறது. பொத்துவில் தொடங்கி அக்கரைப்பற்று, நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என்று நீளும் இந்தக் கரையோரத்தில் வேறொரு கேள்வி முந்த வேண்டும் என்பது என் வாதம்: குழந்தை பிறக்கும் நேரத்தில் தாய் எந்த வைத்தியசாலையில் இருக்கிறாள்?

வளர்ந்தவரின் மூளை, 100 கிராமுக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 50 மில்லிலீற்றர் இரத்தம் பெறுகிறது. இரத்த அழுத்தம் ஏறினால் சிறுநாடிகள் சுருங்கும், இறங்கினால் விரியும், ஓட்டம் பெரிதும் மாறாது. இந்தத் தன்னொழுங்கை நீல்ஸ் லாஸன் 1959 இல் ஒரு வரைகோடாகக் காட்டினார். இருபது ஆண்டுகள் கழித்து, 1979 இல், ஹான்ஸ் லூவும் லாஸனும் ஃப்ரீஸ்-ஹான்சனும் கோபன்ஹேகனில் செனன்-133 கொண்டு பச்சிளங்குழந்தைகளை அளந்தபோது, மூச்சுத் திணறி நோயுற்ற குழந்தைகளிடம் அந்தக் காவல் குலைந்திருந்தது. அழுத்தம் ஏறினால் ஓட்டமும் ஏறியது. விழுந்தால் ஓட்டமும் விழுந்தது.

இதன் ஆபத்து ஓரிடத்தில் குவிகிறது. மூளையின் பக்க அறைகளின் ஓரத்தில், நரம்பணுக்கள் பிறக்கும் மென்மையான முளைப்படலம் இருக்கிறது. 32 முதல் 34 வாரத்திற்குள் அது பெரும்பாலும் மறைந்துவிடும். அதற்கு முன்பு பிறக்கும் குழந்தையில் அதன் குழாய்களுக்குத் தசைச்சுவர் இல்லை. வடிகால் நாளமோ அங்கு கொண்டையூசி வளைவாகத் திரும்புகிறது. கழுத்தில் சிறிது நெரிசல் ஏற்பட்டாலும் இரத்தம் பின்தேங்கி, அந்த மெல்லிய குழாய்கள் கசியலாம். கசிவுகளில் பெரும்பாலானவை முதல் 72 மணித்தியாலங்களுக்குள் நிகழ்கின்றன. நெடுந்தூர இடமாற்றம் செய்தால், அதுவும் இதே 72 மணித்தியாலங்களுக்குள்தான் விழுகிறது.

பொத்துவிலிலிருந்து கல்முனைக்கு ஏ4 நெடுஞ்சாலையில் அறுபது கிலோமீற்றருக்கு மேல். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு நூறுக்கும் மேல். பிறந்து சில மணித்தியாலமான குழந்தையைக் குழாயிட்டு, கையால் பையை அழுத்தி மூச்சூட்டியபடி அம்புலன்சில் கொண்டுபோவதை எண்ணிப் பாருங்கள். கூட வரும் தாதி பதற்றத்தில் சற்று வேகமாக அழுத்தினால் காபனீரொட்சைட்டு வெளியேறி மூளை நாடிகள் சுருங்கும். வெண்பொருள் இரத்தமின்றி வாடும். களைத்துக் கை தளர்ந்தால் காபனீரொட்சைட்டு தேங்கி நாடிகள் விரியும். முளைப்படலக் குழாய்கள் பீறிடலாம். இரண்டும் ஒரே பயணத்திலேயே நிகழக்கூடும். குலுக்கல், குளிர், சளி உறிஞ்சல், அவசரமாக ஏற்றப்படும் சேலைன் எல்லாம் இதற்கு மேல்தான். அந்தத் தாதியைக் குறை சொல்வதற்கு இங்கே எதுவுமில்லை. தவறு பயணத்தின் வரிசையில் இருக்கிறது. பிரசவத்திற்கு முன்பே தாயைக் கொண்டுபோயிருந்தால், அவளுடைய கருப்பையே அந்தச் சிசுவுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த அம்புலன்ஸ்.

கருவிகளை வாங்கினால் தீரும் என்பார் உண்டு. மூளையின் ஒட்சிசனை நெற்றியில் ஒட்டிய உணரியால் அளந்து, அதன்படி சிகிச்சை தரும் முறையைச் சேஃப்பூஸ்-3 ஆய்வு கர்ப்பத்தின் 28 வாரத்திற்கு முன் பிறந்த 1601 குழந்தைகளில் சோதித்தது. 2023 இல் வெளியான முடிவின்படி, மரணமோ கடும் மூளைச்சேதமோ உணரிக் குழுவில் 35.2 சதவீதம், வழமையான கவனிப்பில் 34.0 சதவீதம். கருவி எண்ணைக் காட்டுகிறது. அந்த எண்ணைத் திருத்தும் வழிதான் இன்னும் கைக்கு வரவில்லை. குறைந்த பணத்தை முதலில் இதில் போடுவதற்கு எனக்கு நியாயம் தெரியவில்லை.

தாய்க்குப் போடும் ஊசியின் கதை வேறு. 1972 இல் லிகின்ஸும் ஹௌவியும் ஓக்லாந்தில் நிறுவிய ஸ்டெரொய்ட் சிகிச்சை நுரையீரலை முதிரச் செய்கிறது, மூளைக்கசிவையும் குறைக்கிறது. டெக்சாமெதசோன் என்றால் 12 மணித்தியால இடைவெளியில் 6 மில்லிகிராம் வீதம் நான்கு தடவை. மலிவான மருந்து, ஆனால் நேரம் வேண்டும். ஆகவே குறைமாத வலியை எத்தனை விரைவில் இனங்காண்கிறோம் என்பதே குழந்தையின் மூளை நாடிகளையும் தீர்மானிக்கிறது. கல்யாணத்தின் பின்னும் மகள் தாய்வீட்டிலேயே வாழும் வழக்கமுள்ள ஊர்கள் இவை. வலி கண்டதும் முதலில் கேட்கப்படுவது உம்மாவின் சொல். "சூட்டு வலியா இருக்கும், கொஞ்சம் பாப்பம்" என்று அவர் சொல்லிவிட்டால் அந்த நேரம் கரைந்துபோகிறது. கிளினிக்கில் மருத்துவமாது ஏழாம் மாத வலியைப் பற்றி மகளிடம் சொல்லும் அறிவுரையை உம்மாவையும் அருகில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும்.

பிறந்த பின்னும் செய்ய நிறைய உண்டு. அழும், மூச்செடுக்கும் குழந்தையின் தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது பொறுத்து இறுக்கலாம். தலையை நடுக்கோட்டில் வைப்பதற்கான சான்று இன்னும் உறுதிப்படவில்லை. ஆனாலும் செலவில்லாத அந்த வழக்கத்தை நான் ஆதரிக்கிறேன். ஊசி, உறிஞ்சல், எக்ஸ்ரே எல்லாவற்றையும் ஒன்றாகத் திட்டமிட்டு, இடையில் குழந்தையைத் தொடாமல் விடலாம். வாப்பா வந்து காதில் பாங்கு சொல்ல விரும்பினால் தடுக்கத் தேவையில்லை. கையைக் கழுவிவிட்டு, இன்குபேற்றரின் சிறுகதவருகே குனிந்து தாழ்ந்த குரலில் சொல்லட்டும். குழந்தையைத் தூக்க வேண்டாம். பேரீச்சம்பழத்தையோ தேனையோ நாவில் தடவும் வழக்கத்தை மட்டும் தள்ளிப்போட வேண்டும்.

அப்படியும் சில குழந்தைகள் பிறந்த பின்னரே பயணிக்க நேரும். அவர்களோடு செல்லும் கடிதத்தில் ஸ்டெரொய்ட் கொடுத்த நேரம், புறப்படும்போதிருந்த உடல்வெப்பம், கடைசியாகப் பார்த்த காபனீரொட்சைட்டு அளவு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். உச்சிக்குழி வழியாக முதல் மூளை ஸ்கேனை எப்போது எடுப்பது என்று பெறும் வைத்தியசாலை முடிவு செய்ய அவையும் உதவும்.